புரோகிதர் போனார், மிட்டாய்க்காரர் வந்தார்!

பிப்ரவரித் திங்கள் 14-ஆம் நாள் நெருங்கினால் நாட்டிலே இரண்டு கூட்டம் கிளம்புகிறது. ஒன்று, தடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் கூட்டம். பூங்காவிலே, கடற்கரையிலே, ஓர் ஆணும் பெண்ணும் அருகருகே அமர்ந்திருந்தால் போதும், பண்பாடு பாழாயிற்று என்று பதறும். வாழ்த்து அட்டைகளைக் கொளுத்தும். கையோடு தாலிக் கயிற்றையும் கொண்டுபோய், 'கட்டு இப்போதே' என்று மிரட்டும். மற்றொன்று, தட்டை ஏந்திக்கொண்டு கிளம்பும் கூட்டம். காதலிக்கிறாயா, அப்படியானால் இதை வாங்கு. மிகவும் காதலிக்கிறாயா, இதைவிடப் பெரியதை வாங்கு. உயிருக்குயிராகக் காதலிக்கிறாயா, கடன் அட்டையை நீட்டு!

முதல் கூட்டத்தை நாம் நன்றாக அறிவோம். அவர்களைக் கண்டு நம் பிள்ளைகள் அஞ்சியதும் இல்லை. 2023-ஆம் ஆண்டு, மத்திய அரசின் விலங்கு நல வாரியம், பிப்ரவரி 14-ஐப் பசுவைக் கட்டி அணைக்கும் நாளாகக் கொண்டாடுங்கள் என்று ஓர் அறிக்கை விட்டது. ஊர் சிரித்தது. நான்கே நாட்களில் அறிக்கையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். பசுவாவது பிழைத்தது!

இரண்டாவது கூட்டம் அப்படிப்பட்டதல்ல. அது தடியால் அடிக்காது, தடவிக் கொடுக்கும். சிரித்துக்கொண்டே வரும். வண்ணக் காகிதம் சுற்றி, இதய வடிவிலே பெட்டி செய்து, அதற்குள்ளே சர்க்கரையையும் கொழுப்பையும் நிரப்பி, 'இதுதான் காதல்' என்று நம் தோழர்களின் கையிலே திணிக்கும். தடியடியின் காயம் பத்து நாளில் ஆறும். இந்தத் தட்டின் காயம் உடம்புக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவேதான் இதைப் பற்றி எழுதுகிறோம்.

'கூலி உயர்வு, ஒப்பந்த முறை, வேலை நேரம் என்று உழைப்பாளிக்கு ஆயிரம் துயரம் இருக்க, காதலர் நாள் விருந்தைப் பற்றியா ஒரு கட்டுரை?' என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும். ஆலை முதலாளிக்கு எந்திரம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, வங்கியிலே பணம் இருக்கிறது. உழைப்பவனுக்கு மூலதனம் அவனுடைய உடம்பு ஒன்றுதான். அந்த மூலதனத்தை அரிப்பது எதுவானாலும், அது அன்பின் பெயரால் வந்தாலும், அதைப் பற்றிப் பேசுவது தொழிலாளர் ஏட்டின் வேலைதான்.

காதலுக்கு நாம் எதிரிகள் அல்லர். சாதியின் கோட்டையை இடித்துக்கொண்டு ஓர் ஆணும் பெண்ணும் கை கோத்தால், அவர்களுக்கு மேடை போட்டுக் கொடுத்த இயக்கம் இது. மந்திரமும் ஓமப்புகையும் இல்லாமல், நண்பர்கள் நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டால் அது திருமணம் அல்ல என்று நீதிமன்றங்களே சொல்லிக் கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அண்ணா முதலமைச்சராக அமர்ந்த 1967-ஆம் ஆண்டில்தான், இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து, சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சட்டமன்றம் முடிவு கட்டியது. மாலை மாற்றினால் போதும், மோதிரம் மாற்றினால் போதும், புரோகிதர் தேவையில்லை!

அந்தத் திருமணங்களிலே இன்னொரு செய்தியும் இருந்தது. அதை நாம் கொஞ்சம் மறந்துவிட்டோம். புரோகிதரை மட்டுமா வெளியேற்றினார் பெரியார்? ஊரைக் கூட்டிப் பந்தி பந்தியாகச் சோறு போட்டு, பத்து ஆண்டுக்குக் கடன்காரனாகும் பைத்தியக்காரத்தனத்தையும் சேர்த்தல்லவா சாடினார்! மனம் ஒத்த இருவர் சேர்வதற்கு நெய் ஏன், பாயசம் ஏன், நாற்பது வகைப் பண்டம் ஏன் என்று கேட்டார். சிக்கனம் சுயமரியாதைத் திருமணத்தின் பாதி உயிர். இன்று என்ன காண்கிறோம்? புரோகிதர் எழுந்து போன மணையிலே மிட்டாய்க்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் மந்திரம் உண்டு. அது விளம்பரம். அவருக்கும் தட்சணை உண்டு. அது விலைப் பட்டியல்.

மிட்டாய்க்காரர் எப்படி வந்தார் என்பது சுவையான கதை. வாலண்டைன் என்பவர் பழைய உரோமாபுரிக் கிறித்தவத் தியாகி என்பார்கள். அவரைப் பற்றிய செய்திகள் அவ்வளவு மங்கல் என்பதாலே, 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபையே தன்னுடைய பொது நாட்காட்டியிலிருந்து அவருடைய விழாவை எடுத்துவிட்டது. திருச்சபை விட்டாலும் வணிகர் விடுவாரா? 1860-களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் காட்பரி நிறுவனத்தார் கொக்கோத் தூளை மேம்படுத்தினார்கள். தூளிலிருந்து பிழிந்தெடுத்த கொக்கோ வெண்ணெய் மிகுதியாகத் தங்கிவிட்டது. மிஞ்சியதை என்ன செய்வது? தின்னும் சாக்லேட் செய்தார்கள். சாக்லேட்டை எப்படி விற்பது? ரிச்சர்டு காட்பரி என்பவர் பூவும் படமும் போட்ட அழகான பெட்டிகளைச் செய்தார். இதய வடிவப் பெட்டியும் செய்தார். தின்ற பிறகு காதல் கடிதங்களைப் போட்டு வைத்துக்கொள்ளலாம் அல்லவா? பெட்டி காதலுக்காகப் பிறக்கவில்லை, தோழர்களே. மிஞ்சிய வெண்ணெய்க்காகப் பிறந்தது.

ஜப்பானில் இன்னும் கெட்டிக்காரர்கள். பிப்ரவரி 14-இல் பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுக்கவேண்டும் என்று பழக்கிவிட்டு, அது போதாதென்று 1970-களின் கடைசியில் மிட்டாய் வணிகர்கள் கூடி, மார்ச் 14-இல் ஆண்கள் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று இன்னொரு நாளையும் உண்டாக்கினார்கள். ஒரு காதலுக்கு இரண்டு வியாபாரம்!

கொக்கோ விளையும் தோட்டத்தின் கதையையும் உழைப்பவன் தெரிந்துகொள்ள வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போர்ச்சுகீசியர் ஆண்ட சாந்தோமே தீவில் அங்கோலா நாட்டு மக்களை அடிமைகளைப்போல் வைத்து வேலை வாங்கிய கொக்கோவைத்தான் இங்கிலாந்துச் சாக்லேட் நிறுவனங்கள் வாங்கின. கூக்குரல் எழுந்து பல ஆண்டுகள் கழித்து, 1909-இல்தான் வாங்குவதை நிறுத்தின. 2020-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளின் கொக்கோ வேளாண்மையில் மட்டும் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் உழைத்துக் கொண்டிருந்தார்கள். பெண்டாட்டிக்குக் கொடுக்கும் இனிப்பிலே எந்தப் பிள்ளையின் கை பட்டதோ!

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

கடந்த ஆண்டு, அதே 14-ஆம் நாள் மாலை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் கடைசல் வேலை பார்க்கும் தோழர் ஒருவரின் வீட்டில், சங்கச் சந்தாக் கணக்குப் பார்ப்பதற்காகக் காத்திருந்தேன். இருபது ஆண்டுக்கு முன் காதலித்துக் கலப்பு மணம் புரிந்தவர். இரு வீட்டாரும் கதவைச் சாத்தியபோது, கட்சித் தோழர்கள் கூடி மாலை எடுத்துக் கொடுத்த திருமணம் அது. இப்போது நாற்பத்தாறு வயது. நாலு ஆண்டாகச் சர்க்கரை நோய்; காலையும் மாலையும் மாத்திரை.

ஏழு மணிக்குத் தோழர் வந்தார். ஒரு கையிலே ரோஜா, மற்றொரு கையிலே பெரிய பை. பைக்குள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கேக், இதய வடிவச் சாக்லேட் பெட்டி, இரண்டு பிரியாணிப் பொட்டலம், ஒரு பெரிய கோலா புட்டி. முகத்திலே சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு மாதிரியாக இருந்தது. சட்டை முழுதும் நனைந்திருந்தது. பையை வைக்கும் கை வெடவெடவென்று நடுங்கிற்று. பேச்சு குழறிற்று. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் நெஞ்சுவலியோ என்று பதறினேன். அந்த அம்மையார் பதறவில்லை. உள்ளே ஓடி, ஒரு தம்ளர் நீரிலே மூன்று கரண்டி சர்க்கரையைக் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். பத்துப் பதினைந்து நிமிடத்திலே மனிதர் தெளிந்தார். பிறகுதான் விசாரணை நடந்தது.

"மத்தியானம் என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா."

"ஏன்?"

"ராத்திரி நல்லா சாப்பிடலாம்னு... வயிற காலியா வெச்சேன். சுகர் ஏறக்கூடாதுல்ல?"

"காலையில மாத்திரை?"

"அதப் போட்டுட்டேன்."

அம்மையார் என்னைப் பார்த்தார். "கேட்டீங்களாண்ணா? மாத்திரையப் போட்டுட்டு நாள் பூரா பட்டினி கிடந்திருக்காரு. இவரு ரோட்டுல விழுந்திருந்தா குடிச்சிட்டு விழுந்து கெடக்கான்னு சொல்லி நாலு பேரு தாண்டிப் போயிருப்பான். நான் இந்த ரோஜாவுக்காகவா எங்கப்பன் வீட்ட விட்டு வந்தேன்?"

கேக்கின் மேலே கண் போயிற்று எனக்கு. அதிலே இருவர் பெயரையும் பாகினால் எழுதியிருந்தார்கள்.

இந்தத் தோழர் தனி ஆள் அல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை அறிவியலார் முன்னின்று நடத்தி, 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதற்கு முந்திய படியில், வாசலிலே நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். பணக்காரர் வீட்டுப் பெருந்தொந்திக்கு வரும் வியாதி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்று அது இரவு ஷிப்டு முடித்து வருகிறவனையும், ஆட்டோ ஓட்டுகிறவனையும், தையல் எந்திரத்தின் முன் பத்து மணி நேரம் குனிந்திருக்கும் பெண்ணையும் தேடி வருகிறது. பணக்காரனுக்கு வந்தால் மருத்துவர் வீட்டுக்கு வருவார். நமக்கு வந்தால் காலில் புண் ஆறாமல் வேலை போகும். இதனால்தான் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், கிருட்டிணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டு, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வந்தது. அதே மாவட்டத்து ஒசூர்த் தோட்டங்களிலிருந்துதான் காதலர் நாளுக்கு வெளிநாடுகளுக்கும் ரோஜா போகிறது. ரோஜா கப்பலேறி, விமானமேறிப் போகட்டும், மகிழ்ச்சியே. மாத்திரையை வாசலில் கொண்டுவந்து கொடுக்க அரசால் முடியும். வாயிலே போவதைக் காவல் காக்க எந்த அரசால் முடியும்?

'ஆண்டுக்கு ஒரு நாள்தானே?' என்பார்கள். இந்தக் கேள்வியைத்தான் நாம் நன்றாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் ஒரு வரம்பு சொன்னது: உண்ணும் உணவின் ஆற்றலிலே பத்தில் ஒரு பங்குக்கு மேல், சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையிலிருந்து வரக்கூடாது. சராசரி ஆளுக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம். அதிலும் பாதியாக்கி 25 கிராமோடு நின்றால் இன்னும் நல்லது என்றது. இது நோயில்லாதவனுக்கு. இப்போது நம்முடைய ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகுமுன் ஒரு டீ, பத்தரைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, சங்க அலுவலகத்திலே பேச்சோடு பேச்சாக ஒன்று. டீக்கடைக் கண்ணாடித் தம்ளருக்கு இரண்டு கரண்டி என்றால், ஏறத்தாழ 10 கிராம். ஐந்து டீயிலே 50 கிராம் தீர்ந்தது! கேக் இன்னும் வரவே இல்லை. 300 மில்லி கோலாவிலே 30 கிராமுக்குக் குறையாது. பால் சாக்லேட்டிலே ஏறத்தாழ பாதி சர்க்கரைதான். ஆக, ஒரு நாள் விருந்து ஒரு நாளின் மேல் வந்து விழுவதில்லை. ஏற்கெனவே நிரம்பி வழிகிற குடத்தின் மேல் வந்து விழுகிறது.

மேலும், அந்த ஒரு நாள் எங்கே இருக்கிறது? காதலர் நாள் ஒன்று, மணநாள் ஒன்று, அவள் பிறந்த நாள், அவன் பிறந்த நாள், பிள்ளைகளின் பிறந்த நாள், பொங்கல், தீபாவளி, முதலாளி கொடுத்த ஆயுதபூசை இனிப்பு, நம் தலைவர்களின் பிறந்த நாள் என்று நாமே வழங்கும் இலட்டு! நாமும் கை சுத்தம் அல்ல. கிளைக் கழகத்திலே இனிப்பு வழங்கினோம் என்று படம் எடுத்து அனுப்பாத ஆண்டு உண்டா? அந்த வரிசையில் முதல் ஆளாக நிற்கும் மூத்த தோழருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டவர் உண்டா?

பகுத்தறிவு பேசும் நம்மிடையே சில புதிய மூட நம்பிக்கைகளும் முளைத்திருக்கின்றன. வெள்ளைச் சர்க்கரை நஞ்சு, வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் அமுதம் என்கிறார்கள். இரத்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிக்கு இரண்டும் உறவுக்காரர்கள். 'இன்றைக்கு இனிப்புத் தின்னப்போகிறேன், ஆகவே ஒரு மாத்திரை கூட' என்பது இன்னொன்று. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டுவது நெருப்போடு விளையாடுவது. பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவு விருந்துக்கு வயிற்றைக் காலி செய்வது மூன்றாவது. அதன் விளைவைத்தான் அம்பத்தூரில் கண்டேன். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் சில மாத்திரைகளைத் தின்பவர்களும், வேளை உணவைத் தவறவிட்டால் வியர்த்து, நடுங்கி, மயங்கி விழுவார்கள். அப்போது அவர்களுக்கு உடனே வேண்டியது சர்க்கரை. அந்த ஒரு வேளையில் மட்டும் சர்க்கரையே மருந்து. சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மாத்திரை இருப்பது ரோஜா இருப்பதைவிட மேல்.

புட்டியைப் பற்றியும் ஒரு சொல். கொண்டாட்டம் என்றாலே முதலில் கடைப் பக்கம் போய், வீட்டுக்கு வரும்போது பாதி ஆளாய் வருகிறவன், காதலைக் கொண்டாடுகிறேன் என்று சொல்வது மனைவியை ஏய்ப்பது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தேவையில்லை. அவனுக்கே தெரியும்.

காதலையும் உணவையும் தமிழன் சேர்த்துப் பார்க்காதவன் அல்லன். காமத்துப் பாலிலே 250 குறள் பாடிய அதே வள்ளுவர்தான் 95-ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர் வைத்தார். மருந்து என்று பெயர் வைத்துவிட்டு எதைச் சொன்னார்? வேரையா, தழையையா, சூரணத்தையா? அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி உணவைப் பற்றியது. முன் உண்டது செரித்ததா என்று பார், பசித்தபின் உண், அளவு அறிந்து உண் என்பதையே மாற்றி மாற்றிச் சொன்னார். ஊடலின் இன்பத்தை அவரைப்போல் பாடியவர் இல்லை. வயிற்றின் அளவை அவரைப்போல் வற்புறுத்தியவரும் இல்லை. ஒரே உள்ளத்தில் இரண்டும் இருந்தன.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167-ஆம் பாட்டைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் விரும்பிச் சொல்வார்கள். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண். தயிரைக் கையால் பிசைந்து, அந்தக் கையை ஆடையிலே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணிலே ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் உண்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய காதல் விருந்து அவ்வளவுதான். தயிரும் புளியும்! எந்தக் கடைக்கு அவன் ஓடினான்? எந்தப் பெட்டியை அவள் எதிர்பார்த்தாள்?

ஆனால் அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். அவன் உண்டான், அவள் மகிழ்ந்தாள், அவள் எப்போது உண்டாள்? இன்றைக்கும் நம் வீடுகளில் அதே கேள்வி நிற்கிறது. கணவனுக்குப் போட்டு, பிள்ளைகளுக்குப் போட்டு, மாமியாருக்குப் போட்டு, கடைசியாகச் சட்டியைச் சுரண்டி உண்பவள் அவள்தான். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை என்று காட்டிற்று. பாதிப் பேர்! ஆண்டு முழுதும் மீனின் நடுத்துண்டு உனக்கு, வால் அவளுக்கு. பிப்ரவரி 14-இல் மட்டும் அவளுக்குச் சாக்லேட்டா? உடலில் இரும்புச் சத்து இல்லாமல் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறவளுக்குக் கேக்கில் பெயர் எழுதி என்ன பயன்?

ஆகவே அன்று என்ன செய்வது என்று தோழர்கள் கேட்டால், நாம் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. விருந்து வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியல் வேண்டும். ஒரு பங்கு அல்ல, தட்டில் பாதி காயும் கீரையுமாக இருக்கட்டும். நல்ல மீன் கிடைத்தால் குழம்பு வையுங்கள், எண்ணெயில் முக்கி எடுக்காமல். மத்தி மீன் விலை மலிவு, சத்தில் குறைவில்லை. மீன் உண்ணாதவர்கள் முட்டை, சுண்டல், பச்சைப்பயறு என்று எதையாவது சேர்க்கட்டும். சோறு தட்டில் கால் பங்கு. காயையும் குழம்பு மீனையும் முதலில் உண்டு, சோற்றைப் பிறகு தொட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிரியாணி இல்லாமல் அது கொண்டாட்டமே அல்ல என்று பிள்ளைகள் அழுதால், ஒரு பொட்டலத்தை நாலாகப் பிரித்து, வெங்காயப் பச்சடியும் வெள்ளரியும் மிகுதியாக வைத்து உண்ணுங்கள். இனிப்பு வேண்டுமா? ஒரு துண்டு. இருவருக்கும் சேர்த்து ஒரு துண்டு. காதலர்கள்தானே, பங்கிட்டுக்கொள்ளத் தெரியாதா! பிறகு இருவருமாகத் தெருமுனை வரை நடந்து வாருங்கள். உண்டபின் நடக்கும் பதினைந்து நிமிடம் சர்க்கரைக்கு நல்லது. இருபது ஆண்டாகப் பேசாமல் விட்ட பேச்சுக்கும் நல்லது.

இதிலே சங்கத்துக்கும் வேலை உண்டு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையிலே உணவகம் வேண்டும் என்றும், அதை நடத்தும் குழுவிலே தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கவேண்டும் என்றும் வழி செய்தது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். அந்த இடங்களில் அமர்ந்த நம் தோழர்கள் விலைக்காகப் போராடினார்கள். சோற்றின் அளவுக்காகப் போராடினார்கள். சர்க்கரை போடாத டீ ஒரு பானை தனியாக வேண்டும், வாரத்தில் மூன்று நாள் கீரை வேண்டும், வடை சுட்ட எண்ணெயை மறுநாளும் காய்ச்சக்கூடாது என்று எத்தனை குழுக்களில் தீர்மானம் வந்தது? கேட்டால் கிடைக்காத பொருள்களா இவை? பிப்ரவரி 14 மாலையில் ஒருவன் எப்படி உண்பான் என்பது, மற்ற 364 நாளும் அந்த உணவகத்திலே அவன் நாக்கு எதற்குப் பழகியது என்பதைப் பொறுத்தது.

அம்பத்தூர்த் தோழரின் வீட்டிலே அன்றிரவு பிரியாணிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்கள். மற்றொன்று பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அம்மையார் ஏற்கெனவே வைத்திருந்த கீரைக்கூட்டு தட்டுக்கு வந்தது. கேக்கிலே ஒரு சிறு துண்டை வெட்டினார்கள். அதிலும் எனக்குத்தான் பெரிய பங்கு. கோலா புட்டி திறக்கப்படவே இல்லை. சந்தாக் கணக்கையும் பார்க்கவில்லை. நான் புறப்படும்போது தோழர், ரோஜாவைத் தண்ணீர்த் தம்ளரில் வைத்துவிட்டு, குற்றவாளியைப் போலக் கேட்டார்:

"அடுத்த வருஷம் உனக்கு என்னதாம்மா வாங்கியாரட்டும்?"

"ஒண்ணும் வாங்கியார வேணாம். மத்தியானம் வயித்துக்குச் சாப்ட்டுட்டு, ஆறு மணிக்கு வீட்டுக்கு வாங்க. முருங்கைக்கீரை வாங்கி வெக்கறேன். உக்காந்து ஆய்ஞ்சு குடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்."